மதியம் மட்டும் போகும் நெட்

நெட் போவதற்கென்று ஒரு வேளை இருக்கிறது என்பது எனக்குப் புரியவே ஆடி மாதம் கழிய வேண்டியிருந்தது. காலையில் போகாது. விளக்கு வைக்கிற நேரத்தில் போகாது. மதியச் சாப்பாடு முடிந்து, தெருநாய்கள்கூட நிழல் பார்த்துச் சுருண்டுவிட்ட பிறகு, நான் கம்ப்யூட்டரைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு போய்விடும்.

சீர்காழியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில், வாய்க்கால்கள் மெலிந்து மெலிந்து முடியும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கல்யாணத்துக்குப் பிறகு சீர்காழியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. பள்ளி திரும்பத் திறந்தபிறகும் நான் இதிலேயே இருந்துவிட்டேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள். எனக்கு மதியம் என்றால் அவர்களுக்கு மாலை. பள்ளி விட்டு வந்து, குளித்து, நெற்றியில் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நெட் போகும்போது திரை இருட்டாகாது. பிள்ளைகள் இருந்தபடி நின்றுவிடுவார்கள். ஒருவன் கொட்டாவியின் நடுவில் நிற்பான். ஒருத்தி பென்சிலைக் கன்னத்தில் அழுத்தியபடி நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் வெள்ளைத் திரைச்சீலை. காற்றில் அது எழும்பிய நேரமாகப் பார்த்து ஒருநாள் நெட் போயிற்று. எழும்பிய சீலை இறங்கவே இல்லை. நான் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எங்கள் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஏதோ ஓர் உயரமான கட்டடத்தில் அந்தச் சீலை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பெண் சொன்னாள், "டீச்சர், நேத்து நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க."

"நானா? நீங்கதானே அப்படியே நின்னீங்க."

"இல்ல டீச்சர், நீங்கதான். கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரி. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தோம்."

அது எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர்கள் கண்மூடிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் கணவர் மயிலாடுதுறையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"பண்ணேன்."

"மோடத்தையா கம்ப்யூட்டரையா?"

"ரெண்டையும்தான்."

"அப்ப வயர புடுங்கி மாட்டிப் பாரு."

வயரையும் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நீல வயரை மாற்றிப் புதிது போட்டேன். வயரே இல்லாமல் வைஃபையில் போட்டுப் பார்த்தேன். போனிலும் வரவில்லை. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, மோடத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது என்று தெரிந்தது. மோடத்தில் வரிசையாகச் சின்னப் பச்சைப் புள்ளிகள் உண்டு. நெட் போகும் நேரத்தில் அவற்றில் ஒன்று அணைந்து, கடைசியில் இருக்கும் சிவப்புப் புள்ளி கண்சிமிட்டும்.

மதியத்தில்தானே போகிறது, சூடாக இருக்கும் என்று நினைத்தேன். அலமாரியின் மேல்தட்டில் இருந்த மோடத்தை இறக்கித் தரையில் வைத்தேன். எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரை சித்திரை வெயிலிலும் குளுமையாக இருக்கும். அதற்கு நேராக ஒரு மேசை விசிறியையும் போட்டேன். மோடம் ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. அடுத்து மோட்டார் மேல் சந்தேகம் வந்தது. வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரத்தில் எல்லோரும் ஒரேயடியாக மோட்டாரைப் போடுவார்கள், வீட்டில் விளக்கு மங்கும். ஆனால் அது மதியத்தில் மட்டும் விடுவதில்லை. மோடத்தை இன்வெர்ட்டரில் மாட்டியும் பார்த்தேன். பலன் இல்லை.

நெட் கொடுக்கிற கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பாட்டு வரும். பிறகு ஒரு பெண் குரல் வந்து, மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும். என் கணவர் அங்கேயும் வேலை பார்க்கிறாரோ என்று தோன்றும். கடைசியில் லைன் பார்க்கிற ஆள் ஒருவர் வந்தார். நடுத்தர வயது. வண்டியின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தது காலையில். எல்லாப் புள்ளிகளும் பச்சையாக எரிந்தன.

"லைட் நல்லா வருது மேடம். ஒரு கொறையும் இல்ல."

"மதியம்தாங்க போவுது. மதியம் வாங்களேன்."

"மதியம் வரணும்னுதான் நெனைக்கிறேன். இந்தப் பக்கம் வர்றது காலையிலதான். அப்புறம் கொள்ளிடம் பக்கம் போனா அங்கேயே பொழுது போயிடுது."

அவர் வயரின் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "உள்ள கம்பியா இருக்கு?" என்று கேட்டேன்.

"கம்பி இல்ல மேடம், கண்ணாடி. தலமுடி மாதிரி கண்ணாடி. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. அவ்வளவுதான் சமாச்சாரம்."

அவர் போனபிறகு நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சீர்காழியிலிருந்து ஒரு முடியளவு வெளிச்சம் கிளம்பி, கம்பத்துக்குக் கம்பம் தாவி, வாய்க்காலைக் கடந்து, நடவு முடிந்த வயல்களுக்கு மேலே யாருக்கும் தெரியாமல் ஓடி வருகிறது. கொக்குகள் அந்த வயரின் மேல் உட்காருகின்றன. கொக்கின் காலடியில் ஒரு பிள்ளை "டீச்சர், புக்கக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே போகிறது.

உண்மையைச் சொன்னால், கொஞ்சநாளில் அந்த நெட் போகும் நேரம் எனக்குப் பிடித்துவிட்டது. முதலில் பதறுவேன், பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்புவேன். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. விட்ட பாடத்தை வாரக் கடைசியில் சேர்த்து நடத்திவிடுவேன். நெட் போனதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. பின்கட்டுக் கிணற்றடியில் புறா ஒன்று முனகும். திரையில் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள். கண் செருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நிலையில் சில சமயம் மாடிக்கு ஏறிப் போவேன். மாடியில் நின்றால் நாலு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள். நாற்றின் நுனி மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் வானம். மேகம் ஒன்று வரப்பு வரப்பாகத் தாண்டிப் போவதை வயலில் பார்க்கலாம். திரும்பி வந்தால் பிள்ளைகள் அசையத் தொடங்கியிருப்பார்கள், "டீச்சர் வந்துட்டாங்க" என்பார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது முன்பு ஒரே வீடாக இருந்தது. தெருவிலிருந்து கொல்லைவரை நீளும் ஓட்டு வீடு, பின்பக்கம் மட்டும் தளம் போட்டு மாடி. மாமனார் காலமானபிறகு அண்ணனும் தம்பியும் அதை நெடுக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குப் பாதி அண்ணனுக்கு, கிழக்குப் பாதி என் கணவருக்கு. கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. மாடியை மட்டும் ஏனோ பிரிக்கவில்லை. நெட் வயர் அதற்கு முன்பே, வீடு ஒன்றாக இருந்த காலத்தில் போட்டது. கம்பம் மேற்கே இருந்ததால், வயர் அந்தப் பக்கம் இறங்கி, அவர்கள் அறைக்குள் புகுந்து, பரண் வழியாக எங்கள் கூடத்துக்கு வந்தது. சுவர் கட்டும்போது கொத்தனார், "இந்தக் கருப்பு வயர என்ன பண்றது?" என்று கேட்டார். கடைசியில் அவரே விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டுக் கட்டிவிட்டுப் போனார்.

சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அண்ணனும் தம்பியும் வயலில் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் முறை, உரம், அறுப்பு மெஷின் எப்போது வரும் என்பதெல்லாம் வரப்பில் நின்று வெகுநேரம் பேசுவார்கள். வீட்டுக்குள் வந்தால் அவரவர் பாதிக்குப் போய்விடுவார்கள். எனக்கும் என் ஓரகத்திக்கும் அப்படிப் பேசிக்கொள்ள ஒரு வயல் இல்லை. அதனால் எங்கள் பேச்சு மட்டும் முழுவதும் நின்றுபோயிற்று. எந்த நாளோடு நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஜாக்கெட், சுடிதார் தைப்பார். ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் தைத்துக்கொள்கிறார்கள். மோட்டார் வைத்த மிஷின். பேச்சு நின்ற பிறகு, ஏதாவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தால் அவர் வளர்க்கும் கோழிகளிடம் சொல்வார். கொல்லையில் தவிடு போட்டுக்கொண்டே, "மழ வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு. எடுக்குறவங்க எடுத்துக்கட்டும்" என்பார். கோழிகள் தவிட்டைக் கொத்தும். நான் ஓடிப்போய்த் துணியை எடுப்பேன்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிய சமயம், அக்காவின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வந்தது. பத்திரிகையை அக்காவின் கணவர், என் மச்சினர், வரப்பிலேயே வைத்துத் தம்பியிடம் கொடுத்திருந்தார். எனக்கு வகுப்பு இருந்ததால் என் கணவர் மட்டும் காலையில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வேலைக்குப் போனார். அக்காவும் மச்சினரும் முதல்நாளே கிளம்பிப் போயிருந்தார்கள். மேற்குப் பாதி பூட்டிக் கிடந்தது.

அவர்கள் இல்லாத நாள்களில் நெட் போகவே இல்லை. பாடம் ஆரம்பித்தேன், நடத்தினேன், முடித்தேன். பிள்ளைகளுக்கே ஆச்சரியம். "டீச்சர், இன்னிக்கு நீங்க ஃப்ரீஸே ஆவல" என்றான் கொட்டாவிப் பையன். மழை பெய்து குளிர்ந்திருக்கிறது, மோடமும் குளிர்ந்திருக்கிறது, சூடுதான் காரணம் என்று நான் நிம்மதியாக முடிவு கட்டினேன். அவர்கள் திரும்பி வந்த அன்றும் மழை விடவில்லை. தவளைகள் பகலிலேயே கத்திக்கொண்டிருந்தன. குளிர்ந்த மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டியது.

இருட்டி வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அவங்க இல்லாதப்ப நல்லா இருந்துச்சு. அவங்க வந்ததும் போவுது. புரியுதா?"

"என்னங்க புரியணும்?"

"ஒன்னுமில்ல. மோர ஊத்து."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பாத்திரம் கழுவும்போது இருந்தது, கோலம் போடும்போது இருந்தது. சுவருக்கு அப்பால் கரண்டிச் சத்தம் கேட்டால்கூட, என்ன செய்கிறார் என்று காது அங்கேயே போயிற்று.

மறுநாள் மழை விட்டிருந்தது. நெட் போனதும் நான் நாற்காலியில் சாயவில்லை. நேரே மாடிக்குப் போனேன். வெயில் ஈரத்தின் மேல் விழுந்து எல்லாம் பளபளத்தது. மேற்கு ஓரத்துக்கு நடந்து, தெருக்கம்பத்தைப் பார்த்தேன். அங்கிருந்து கருப்பு வயர் தொய்ந்து வந்து எங்கள் ஓட்டு விளிம்பைத் தொடுகிறது. அங்கே ஓர் ஆணியில் சுற்றி, சுவரோரமாக இறங்குகிறது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். அக்காவின் தையல் அறை ஜன்னல் வந்தது. பழைய மரக்கதவு ஜன்னல். வயர் அதன் சட்டத்தின் மேல் ஏறி உள்ளே போகிறது. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயர் நசுங்கி, முழங்கை மடக்கிய மாதிரி மடங்கிக் கிடந்தது.

தலைமுடி மாதிரிக் கண்ணாடி, அதற்குள் வெளிச்சம்.

சாத்திய ஜன்னலுக்கு உள்ளே, எங்கோ தூரத்தில் ஓடுவதுபோல, மிஷின் சத்தம் மெல்லக் கேட்டது. ஓடும், நிற்கும், ஓடும். நான் மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றி அப்படியே நின்றேன். கீழே போய்க் கதவைத் தட்டலாம் என்று தோன்றவில்லை. வயல்பக்கம் ஒரு நாரைக் கூட்டம் இறங்கியது. மிஷின் நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னல் கொஞ்சம் அசைந்தது. வளையல் போட்ட ஒரு கை வந்து கதவை வெளியே தள்ளியது. நசுங்கிய வயர் மெல்ல நிமிர்ந்தது.

எனக்குப் பின்னால், மாடிப்படி வழியாக, எங்கள் கூடத்திலிருந்து குரல்கள் ஏறி வந்தன. "டீச்சர்? டீச்சர்? டீச்சரக் காணோம்." சிங்கப்பூரும் மலேசியாவும் காலி நாற்காலியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

நான் இறங்கிப் போய் மிச்சப் பாடத்தை நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பாடம் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, வாசல் வழியாக இறங்கி, தெருவில் நடந்து, மேற்கு வாசலில் ஏறினேன். ஒரே வீட்டின் இரண்டு வாசல்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் இருக்கப் போகிறது, ஆனாலும் எதிர்வீட்டார் ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி வாசற்படிவரை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கோழியைப் பார்த்தார்.

"யாரோ வந்திருக்காங்க போலருக்கு."

"அக்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்தார்.

"அக்கா, அந்தத் தையல் ரூம் ஜன்னல்..."

"சாத்தித்தானே வைக்கிறேன்?" என்றார் சட்டென்று. முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "இன்னமும் கேக்குதா என்ன?"

"என்ன கேக்குதா?"

"மிஷின் சத்தந்தான். அன்னிக்கு ஒரு புள்ள கேட்டுச்சே, அது என்ன டீச்சர் டர்ருன்னு சத்தம்னு. நீ சொன்ன, பக்கத்து வீட்டுல தைக்கிறாங்கன்னு." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிலேர்ந்து நீ பாடம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல சாத்திட்டுத்தான் தைக்கிறேன். மத்த நேரமெல்லாம், ஊருக்குப் போனாக்கூட, கம்பி இருக்கேன்னு தெறந்துதான் கெடக்கும். உள்ள புழுக்கம் தாங்காது. இருந்தாலும் நீ பாவம், காசு வாங்கிக்கிட்டு நடத்துற பாடம். நம்மால கெடக்கூடாதுல்ல."

அந்த ஆடி மாதத்து மதியம் நினைவுக்கு வந்தது. பிள்ளை கேட்டதும், நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியதும். பக்கத்து வீடு. அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

"அக்கா, நீங்க சாத்துறப்பதான் எனக்கு நெட்டு போவுது" என்றேன்.

"என்னது?"

அவரைக் கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டினேன். வயர் எங்கே நசுங்குகிறது, உள்ளே கண்ணாடி இழை, மடங்கினால் வெளிச்சம் போகாது, எல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். பிறகு கதவைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார்.

"அட கடவுளே! நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஜன்னலச் சாத்துன கொஞ்ச நேரத்துல உன் கொரலே கேக்காது. பழைய காலத்து மரம்ல, எப்புடி அடைக்குது பாருன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க மச்சான்கிட்டகூடப் பெருமையாச் சொன்னேன்."

"நெட்டு போனா நான் எங்கக்கா பேசறது? சும்மா உக்காந்திருந்தேன்."

"நீ அங்க சும்மா உக்காந்திருக்க, நான் இங்க வேர்வையில நனைஞ்சிக்கிட்டிருக்கேன்!"

இரண்டுபேரும் சிரித்தோம். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு அடங்கியபிறகு அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பையனுக்கு வாய்க்கால்னா என்னன்னு புரிஞ்சுதா?"

"எந்தப் பையன்?"

"வாய்க்கு எப்படி டீச்சர் கால் இருக்கும்னு கேட்டானே. நீ சொல்லிக்கிட்டிருக்கப்பவே, கோயில் பக்கத்து வீட்டுப் பொண்ணு ஜாக்கெட்டு கேட்டு வந்து நின்னுடுச்சி. அவசரம்னு ஜன்னலச் சாத்திட்டேன். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பாடத்தின் முதல் பகுதியை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பட்டன் வைப்பது, காஜா எடுப்பது, கையால் செய்கிற சத்தமில்லாத வேலைகளை எல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு. மிஷினில் உட்கார வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் சாத்தியிருக்கிறார்.

"புரிஞ்சுதுக்கா" என்றேன். "ஆத்துலேர்ந்து தண்ணி எறங்குற எடம் வாய். அங்கேர்ந்து அது நடந்து போற வழி கால்னு சொன்னேன். அது எந்த ஊருக்கு நடந்து போவுதுன்னு கேட்டான்."

"என்ன சொன்ன?"

"அதுக்குள்ள நெட்டு போயிடுச்சு."

மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கூடுதலாக இருந்தது. நான் அரைச் சர்க்கரைக்கு மாறியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முழுவதையும் குடித்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் "ஜன்னலா!" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சினர் துளைபோடும் மிஷினை எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே வந்து நின்றார். என் கணவர் பின்னாலேயே போனார். சட்டத்தின் ஓரத்தில் துளை போட்டு அதன் வழியாக வயரை விட்டுவிட்டால், ஜன்னலைச் சாத்தினாலும் திறந்தாலும் கவலையில்லை. பழைய தேக்கு மரம், லேசில் இறங்கவில்லை.

"பிட்டு மழுங்கிப்போச்சுடா."

"வேற இருக்காண்ணே?"

"அந்த டப்பாவுல பாரு. பெருசு வேணாம்."

இவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் வீட்டுக்குள் பேசினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் அக்காவும் கை வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், ஒரு சத்தமும் இல்லை. லைன் ஆள் வந்து, மடங்கி மடங்கி வெளுத்துப்போயிருந்த துண்டை வெட்டி எறிந்து, புது வயரை அந்தத் துளை வழியாகக் கோத்துக் கொடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நெட் மதியத்தில் போவதில்லை. மதியங்கள் பழையபடி வேலையாகிவிட்டன. திரைச்சீலை எழும்பினால் இறங்குகிறது, கொட்டாவி விட்டால் வாய் மூடுகிறது. சில நாள் பாடத்தின் நடுவில் மாடி நினைவு வரும். அக்கா ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறார், புழுக்கத்துக்காக. மிஷின் சத்தம் பாடத்துக்குள் வந்து போகும். பிள்ளைகள் இப்போது அது என்ன என்று கேட்பதில்லை.

நாங்கள் ஒரே நாளில் பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. சில நாள் நேராகவே பேசுவார். ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார். இன்னும் சில நாள், என்ன காரணமோ, கோழிகளிடமே சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன்.

கார்த்திகையில் ஒருநாள் பெரிய காற்றடித்து, சாலையோரக் கம்பங்கள் சாய்ந்து, ஊர் முழுக்கக் கரண்டும் நெட்டும் போய்விட்டன. பாடம் இல்லை என்று பெற்றோர்களுக்கு எப்படியோ செய்தி அனுப்பிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் பக்கம் போனேன். மோட்டார் ஓடாததால் அவர் மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். வெளியே மழை சாய்ந்து சாய்ந்து பெய்தது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்த ஜாக்கெட்டு உனக்கு எங்க நிக்குது? எளைச்சிப்போயிட்ட. வா இங்க" என்று எழுந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். தோளை அளந்தார், கையைத் தூக்கச் சொல்லி அளந்தார். கை சில்லென்று இருந்தது. அளவைக் காகிதத்தில் எழுதாமல் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

பிறகு அவர் மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். நான் வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் சாய்ந்தேன். மிதியின் சத்தமும் மழையின் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவர் ஏதோ கேட்டார். பதில் சொன்னேனா, சொன்னதாகக் கனவு கண்டேனா என்று தெரியாது.

விழித்தபோது மழை நின்றிருந்தது. அக்கா கோழிகளை அடைக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். அறையில் இருட்டு சேரத் தொடங்கியிருந்தது. கன்னத்துக்குக் கீழே அதே குளிர்ந்த சிவப்புத் தரை. வீட்டின் எந்தப் பாதியில் படுத்திருக்கிறேன் என்று எனக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. எழுந்து பார்க்கவும் தோன்றவில்லை. தெருவில் என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டது. பூட்டிய கதவின்முன் நின்று அவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"அவ இங்கதாம்ப்பா இருக்கா" என்று கொல்லையிலிருந்து அக்கா உரக்கச் சொன்னார்.